காயம்பட்ட பிள்ளைகளும் பொதுப்பள்ளியின் கடமையும்

பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறது. இன்னொரு பிள்ளை, பின்னால் யாரேனும் வந்து நின்றாலே திடுக்கிட்டுக் கை ஓங்குகிறது. மற்றொன்று எத்தனை முறை கேட்டாலும் வாய் திறப்பதில்லை. பள்ளி இவற்றைச் சோம்பல், முரட்டுத்தனம், அழுத்தம் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. கண்டிக்கிறது, வெளியே நிறுத்துகிறது, கடைசியில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியும் விடுகிறது. வீட்டில் இரவெல்லாம் நடந்த அடிதடி, எதிர்பாராத சாவு, சிறைக்குப் போன தகப்பன், தெருவில் கேட்ட துப்பாக்கிச் சத்தம், நெருங்கிய உறவினரே செய்த பாலியல் கொடுமை என அந்த நடத்தைக்குப் பின்னால் இருக்கக்கூடிய எதுவும் பள்ளியின் பதிவேட்டில் ஏறுவதில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்க முயலும் கல்விமுறையை மனவடு உணர்ந்த கல்வி என்கிறோம். கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் இது ஓர் இயக்கமாக வளர்ந்திருக்கிறது. அதற்கு அடித்தளமான ஆய்வுகள் எவை, எங்கே பலன் கண்டது, எங்கே ஆதாரம் மெலிந்திருக்கிறது, போர் கண்ட வட இலங்கையின் பள்ளிகள் இதில் என்ன கற்றுத்தருகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைத் திருத்தப் புறப்படும் முன் பள்ளி தன் நடைமுறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. சட்டமும் ஆளும் பணமும் வேண்டும்.

மருத்துவமனையில் பிறந்த கேள்வி

இந்த இயக்கத்தின் வேர் பள்ளியில் இல்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் உடல் எடை குறைப்புச் சிகிச்சை நடத்தி வந்தவர் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவதை 1980களில் அவர் கவனித்தார். காரணம் தேடி அவர்களிடம் பேசியபோது, பலர் சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பின்னர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய குழந்தைப்பருவம் பற்றிக் கேட்டார். முதல் கட்ட முடிவுகள் 1998இல் வெளியாயின.

அடி, வசை, பாலியல் கொடுமை, உடல்சார்ந்த பராமரிப்பின்மை, மனம்சார்ந்த பராமரிப்பின்மை, வீட்டில் குடி, மனநோய், தாய்மீதான வன்முறை, பெற்றோர் பிரிவு, சிறை என்று துன்பங்கள் பத்து வகைகளாக வகுக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒன்றையாவது அனுபவித்திருந்தனர். எட்டில் ஒருவர் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்திருந்தார். எண்ணிக்கை கூடக்கூடப் பிற்காலத்தில் இதயநோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது. கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசல் மிதித்த, மருத்துவக் காப்பீடு உள்ள, நடுத்தர வர்க்க வெள்ளையர்கள். வறுமையும் சேரியும் மட்டுமே பிள்ளைகளைக் காயப்படுத்தும் என்ற எண்ணத்தை அந்த ஒரு செய்தியே அசைத்துவிட்டது.

ஆனால் அந்தப் பட்டியல் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. இனப் பாகுபாடு, சக மாணவர்களின் கொடுமை, தெரு வன்முறை, பாதுகாப்பற்ற குடியிருப்பு ஆகியவை அதில் இல்லை. பின்னாளில் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்த ஆய்வு இவற்றையும் சேர்த்துக் கேட்டது. பள்ளியைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியம். ஏனெனில் வீட்டைத் தாண்டி நிகழும் காயங்களில் பல, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நிகழ்கின்றன.

அஞ்சிய மூளையும் பாடமும்

ஆபத்தின்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராகிறது. இதயம் படபடக்கிறது, கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன, எதிர்த்து நிற்பது, ஓடுவது, உறைந்துபோவது ஆகிய மூன்றில் ஒன்றுக்கு உடல் இறங்குகிறது. ஆபத்து நீங்கினால் எல்லாம் அடங்கிவிடும். நாள்தோறும் ஆபத்தில் வாழும் பிள்ளைக்கு அது அடங்குவதே இல்லை. ஆசிரியர் சொன்னதை மனதில் நிறுத்தி வரிசையாகச் செய்வது, ஆத்திரத்தை அடக்குவது, பலன் வரும்வரை பொறுத்திருப்பது முதலிய வேலைகளை மூளையின் முன்பகுதி செய்கிறது. உடல் முழுதும் காவலில் நிற்கும்போது அந்த வேலைகள்தாம் முதலில் தடுமாறுகின்றன. வகுப்பறை ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜாக் ஷான்காஃப் தலைமையிலான குழந்தை வளர்ச்சி அறிவியல் குழு, நெருக்கடிகளை மூன்றாகப் பிரித்தது. வளர்ச்சிக்கு உதவும் சிறு நெருக்கடி, தாங்கக்கூடிய பெருநெருக்கடி, நச்சாக மாறும் நெருக்கடி. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது நடந்த சம்பவத்தின் கடுமை மட்டுமன்று. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிலையாக, நம்பத்தக்கவராக ஒரு பெரியவர் இருந்தாரா என்பதும்தான். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாத பிள்ளை, வாரத்தில் ஐந்து நாள் பெரியவர்களோடு இருக்கும் இடம் பள்ளி. பொதுப்பள்ளியின் பொறுப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சட்டமும் பள்ளிகளும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதை முன்னெடுத்தவர்கள் வழக்கறிஞர்கள். பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வாதாடியவர்கள், அவர்களில் பலர் வீட்டு வன்முறையைக் கண்டு வளர்ந்தவர்கள் என்று உணர்ந்தார்கள். வழக்கறிஞர் சூசன் கோலும் அவருடைய குழுவினரும், ஹார்வர்டு சட்டப் பள்ளியுடன் இணைந்து 2005இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. தலைமை, ஆசிரியர் பயிற்சி, மனநலச் சேவை, கற்பித்தல் முறை, விதிகள், குடும்பங்களோடு உறவு என ஆறு தளங்களிலும் பள்ளி தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. பாதுகாப்பான, ஆதரவான பள்ளிகளுக்கான சட்டகத்தை அந்த மாநிலம் 2014இல் சட்டமாக்கியது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிர்வாகம் தன் வழிகாட்டியை வெளியிட்டது. மனவடுவின் பரவலை உணர்வது, அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அதற்கேற்ப நிறுவனத்தின் நடைமுறையை மாற்றுவது, மீண்டும் காயப்படுத்தாமல் இருப்பது என நான்கு கடமைகளை அது வகுத்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா ஊரில் உள்ள லிங்கன் உயர்நிலைப்பள்ளி, பிற பள்ளிகளில் நிலைக்க முடியாத மாணவர்கள் வந்து சேரும் பள்ளி. தலைமையாசிரியர் ஜிம் ஸ்போர்லெடர் 2010இல் தண்டனை முறையை மாற்றினார். ஆத்திரத்தில் வசைபாடிய மாணவனை உடனே வெளியே அனுப்பாமல், முதலில் அவன் அடங்கக் காத்திருந்து, பிறகு பேசினார்கள். தவற்றுக்கான பொறுப்பை அவன் ஏற்க வேண்டியிருந்தது. பள்ளியை மட்டும் இழக்கவில்லை. முந்தைய கல்வியாண்டில் மொத்தம் 798 நாட்களாக இருந்த இடைநீக்கம், அடுத்த ஆண்டில் 135 நாட்களாகக் குறைந்தது. அப்பள்ளியைப் பற்றி ஜேம்ஸ் ரெட்ஃபோர்டு எடுத்த ஆவணப்படம் 2015இல் வெளிவந்து, நாடெங்கும் இந்த முறையைப் பரப்பியது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் டொராடோவும் குழுவினரும், முழுப் பள்ளிக்கும் பயிற்சி, தேவைப்படும் பிள்ளைக்குச் சிகிச்சை, ஆசிரியருக்கு ஆதரவு என மூன்றையும் சேர்த்துச் செய்தார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து நடந்த பள்ளியில் ஒழுங்கு மீறல் பதிவுகள் 87 சதவீதம் குறைந்ததாக 2016இல் எழுதினார்கள்.

நீதிமன்றமும் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் காம்ப்டன் பள்ளி மாவட்டத்தின் மீது மாணவர்கள் ஐவரும் ஆசிரியர்கள் மூவரும் 2015இல் வழக்குத் தொடுத்தனர். வீடில்லாமல் பள்ளிக் கூரையில் உறங்கிய ஒரு மாணவன், அது தெரிந்தபோது உதவிக்குப் பதில் இடைநீக்கத்தைப் பெற்றான் என்று மனுவில் சொல்லப்பட்டது. மனவடுவின் விளைவுகள் மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரக்கூடும் என்று கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்தார். மனவடு உள்ள எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே அந்த வகைக்குள் வந்துவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆயினும், பள்ளி தன் கருணையால் செய்துவந்த ஒன்றைப் பிள்ளை தன் உரிமையாகக் கேட்கலாம் என்ற வாசல் அங்கே திறந்தது.

ஆதாரம் எங்கே உறுதி, எங்கே மெலிவு

இந்த முறையை விரும்புகிறவர்கள்தாம் ஆதாரத்தைக் கண்டிப்போடு எடைபோட வேண்டும். மேற்சொன்ன பள்ளிகளின் எண்கள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, அதே நிலையிலிருந்து இந்த மாற்றம் இல்லாத வேறு பள்ளி அங்கே இல்லை. இடைநீக்கம் செய்வதை நிறுத்தினால் இடைநீக்க எண்ணிக்கை குறையத்தான் செய்யும். பிள்ளைகள் தேறினார்களா, படித்தார்களா என்பது தனிக் கேள்வி. முழுப்பள்ளி அணுகுமுறையைச் சோதித்த தரமான ஆய்வுகளைத் திரட்ட பிராண்டி மேனார்டும் குழுவினரும் 2019இல் முயன்றபோது, அவர்கள் வகுத்த தகுதிக்குள் ஓர் ஆய்வுகூட வரவில்லை. முறை தோற்றது என்று இதற்குப் பொருளில்லை. சரியாகச் சோதிக்கப்படாமலேயே பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது என்று பொருள்.

ஏற்கெனவே அறிகுறிகள் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தரும் குழுச் சிகிச்சைக்கு வலுவான ஆதாரம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் வன்முறையைக் கண்ட ஆறாம் வகுப்பு மாணவர் 126 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனேயும் மறு பிரிவுக்குப் பிறகும் 10 அமர்வுகள் நடத்தினார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் முதல் பிரிவினரின் மனவடு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. மறு பிரிவும் சிகிச்சை பெற்றதும் இடைவெளி மறைந்தது. ஆசிரியர்கள் கண்ட வகுப்பறை நடத்தையில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பிள்ளையின் வேதனை குறைவதும் வகுப்பு அமைதியாவதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. வகுப்பு அமைதியாக வேண்டும் என்பதற்காகவே இதில் இறங்கும் நிர்வாகம் விரைவில் ஏமாந்து கைவிட்டுவிடும்.

கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஆய்வு இன்னொன்றைத் தெளிவாக்கியது. 118 பிள்ளைகளில் ஒரு பிரிவுக்குப் பள்ளியிலும் மறு பிரிவுக்கு மருத்துவ நிலையத்திலும் சிகிச்சை தர ஏற்பாடாகியிருந்தது. பள்ளிப் பிரிவில் 98 சதவீதம் பேர் சிகிச்சையைத் தொடங்கினர். மருத்துவ நிலையப் பிரிவில் தொடங்கியவர்கள் 37 சதவீதமே. பேருந்துக் கட்டணம், பெற்றோரின் வேலைநேரம், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் ஆகிய எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு பிள்ளை மருத்துவ நிலையத்தின் படியேற வேண்டும். பள்ளிக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. பொதுப்பள்ளியில் இந்தச் சேவை இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

வடக்கின் பாடம்

அமெரிக்காவுக்கு வெளியே இக்கேள்வியை மிகக் கடினமான நிலையில் எதிர்கொண்ட இடங்களில் ஒன்று இலங்கையின் வடக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கங்களைப் பல பத்தாண்டுகளாக ஆவணப்படுத்தியவர். காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் உறவுகளும் நம்பிக்கையும் சேர்ந்தே குலைகின்றன என்று கூட்டு மனவடு பற்றி அவர் எழுதினார். உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த அந்த மண்ணில், ஆசிரியர்களுக்கே உளவளத்துணைப் பயிற்சி தருவது தவிர வேறு வழியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் சாந்திகம் நிலையமும் இப்பணியில் பங்கெடுத்தது.

வன்னியில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், 92 சதவீதம் பேர் குண்டுவீச்சு, சண்டை, நெருங்கியவரின் மரணம் போன்ற கொடிய நிகழ்வுகளைச் சந்தித்திருந்தனர். கால்வாசிப் பேருக்கு மனவடு நோய் இருந்தது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு, போரையும் சுனாமியையும் போலவே வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் தகப்பனின் குடியும் அவர்களை வாட்டுவதைக் காட்டியது. வெளிப்போர் வீட்டுக்குள் நுழைந்து பிள்ளையின் முதுகில் இறங்குகிறது.

சுனாமிக்குப் பிறகு, முகாமிலிருந்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே ஆறு அமர்வுகளில் சிகிச்சை தந்தனர். ஒரு பிரிவு நடந்ததை வரிசையாக எடுத்துரைத்தது, மறு பிரிவு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் ஆறு மாதத்தில் தேறியிருந்தனர். தக்க பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் ஆசிரியரால் முடியும் என்பதற்கு இது சான்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வட இலங்கையில் 9 முதல் 12 வயதுள்ள 399 பிள்ளைகளிடம், வீட்சே டோலும் குழுவினரும் வகுப்பறைத் திட்டமொன்றைக் குலுக்கல் முறையில் சோதித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். மொத்தத்தில் மனவடு அறிகுறிகளில் வேறுபாடு தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, சிறுவர்களுக்கு ஓரளவு பலன் இருந்தது. ஆனால் திட்டத்தில் பங்கெடுத்த சிறுமிகள், காத்திருப்புப் பட்டியலில் இருந்த சிறுமிகளைவிடக் குறைவாகவே தேறினர். அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது. இதிலிருந்து இரண்டு கண்டிப்பான பாடங்கள் கிடைக்கின்றன. ஆபத்து நீங்காத இடத்தில் சிகிச்சை அரைகுறையாகவே வேலை செய்யும். பாதுகாப்புதான் முதல் மருந்து. அடுத்து, நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் நன்மையாகிவிடாது. யாருக்கு என்ன ஆகிறது என்று அளந்துகொண்டே செய்ய வேண்டும்.

நல்ல நோக்கம் வழி தவறும் இடங்கள்

முதல் ஆபத்து, பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவது. முன்சொன்ன பத்து வகைகளில் எத்தனை என்று கணக்கிட்டு, இவன் ஆறு, இவள் எட்டு எனப் பள்ளி பேசத் தொடங்கினால், அந்த எண்ணே பிள்ளையின் அடையாளமாகிவிடும். பெருங்கூட்டத்தின் போக்கை அறிய உதவும் அளவுகோலைத் தனிநபரின் எதிர்காலத்தைச் சொல்லப் பயன்படுத்தக் கூடாது என்று ராபர்ட் ஆண்டாவே 2020இல் எச்சரித்து எழுதினார். உண்மையில் நல்ல வகுப்பறைக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. பிள்ளைக்கு நேர்ந்தது எது என்று தெரியாமலேயே ஆசிரியர் சொன்ன நேரப்படி நடக்கலாம், கத்தாமல் பேசலாம், மாற்றங்களை முன்கூட்டி அறிவிக்கலாம். இரகசியத்தைச் சொன்னால்தான் அன்பு கிடைக்கும் என்ற நிலைக்கு எந்தப் பிள்ளையும் வரக் கூடாது.

இரண்டாவது, இரக்கத்தின் பெயரால் எதிர்பார்ப்பைத் தாழ்த்துவது. பாவம், விட்டுவிடுவோம் என்று கணக்கும் வாசிப்பும் கற்றுத்தராமல் விடுவது இன்னொரு வகைப் புறக்கணிப்பு. கற்றுத் தேறினேன் என்ற அனுபவமே காயம்பட்ட பிள்ளைக்குத் தன்மீது நம்பிக்கை தரும்.

மூன்றாவது, காயத்தைப் பிள்ளைக்குள் மட்டும் தேடிவிட்டுக் காயப்படுத்தும் அமைப்பை விட்டுவிடுவது. 2011-12 கல்வியாண்டின் அமெரிக்க அரசுத் தரவின்படி, வெள்ளை மாணவரில் 5 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டபோது கறுப்பின மாணவரில் 16 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இந்த வேறுபாட்டைத் தொடாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லித்தரும் பள்ளி, தான் செய்யும் அநீதியைப் பொறுத்துக்கொள்ளப் பிள்ளையைப் பழக்குகிறது.

நான்காவது, சுமை முழுவதையும் ஆசிரியர்மேல் ஏற்றுவது. பிள்ளைகளின் துயரத்தை நாளெல்லாம் கேட்பவருக்கும் அந்தத் துயரம் ஒட்டிக்கொள்ளும். பள்ளி ஆலோசகர்களின் அமெரிக்கச் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் இதை எட்டவில்லை. ஆலோசகரை நியமிக்காமல் ஆசிரியருக்கு ஒருநாள் பயிற்சி தந்து முடித்துக்கொள்வது அரசுக்குச் செலவு குறைந்த வழி. அதன் விலையை ஆசிரியரும் பிள்ளையும் கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன

தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, பிள்ளைகளுக்கு உடல்வலியோ மனவலியோ தருவதைத் தடுத்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் அதைச் சட்டமாக்கியது. பிரம்பைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பிரம்பு இல்லாமல் வகுப்பை நடத்துவது எப்படி என்ற பயிற்சி போதிய அளவு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் வசையும் அவமானப்படுத்தலும் தொடர்கின்றன.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியின் பெயரால் துன்புறுத்தப்பட்ட பட்டியலினப் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். அதில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் அதே பள்ளியின் மாணவர்களும் இருந்தார்கள். இதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது, அகரவரிசையில் மாணவர்களை அமர்த்துவது, 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலரை நியமிப்பது ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. மனவடு உணர்ந்த கல்வி தமிழ்நாட்டில் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. சாதி காயப்படுத்தும் இடத்தில், காயம்பட்டவனுக்கு ஆலோசனை சொல்வதோடு நிற்பது நீதியாகாது. காயத்தின் ஊற்றை அடைப்பதும் கல்வித் துறையின் வேலை.

எதை ஆதரிக்க வேண்டும்

மேற்கண்ட ஆதாரங்களை ஒன்றுசேர்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் பாதுகாப்பு. அடி, வசை, கேலி, சாதி இழிவு, பாலியல் சீண்டல் ஆகியவை பள்ளியில் இல்லை என்பதையும், நேர்ந்தால் புகார் சொல்லும் வழி பிள்ளைக்குத் தெரியும் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். பசியும் பாதுகாப்பின்மையே, காலை உணவும் மதிய உணவும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

அடுத்தது ஒழுங்கு. நேரம் தவறாத நாள், எல்லாருக்கும் ஒரே அளவில் நடக்கும் விதிகள், ஆத்திரம் தணிந்த பிறகே விசாரணை, இடைநீக்கம் கடைசி வழி. மூன்றாவது உறவு. பெயர் சொல்லி விசாரிக்கும் ஒரு பெரியவராவது ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் இருக்க வேண்டும். ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் அறியக்கூடிய அளவில் வகுப்பு இருக்க வேண்டும். நான்காவது சிகிச்சை. அறிகுறிகள் தெரியும் பிள்ளைகளுக்குச் சோதிக்கப்பட்ட குழுச் சிகிச்சை பள்ளி வளாகத்திலேயே, பயிற்சி பெற்றவரால், மேற்பார்வையோடு கிடைக்க வேண்டும். ஐந்தாவது ஆசிரியர். பயிற்சி ஆண்டு முழுதும் தொடர வேண்டும். அவருக்கும் பேச ஆள் வேண்டும். ஆறாவது அளவீடு. தொடங்கும்போதே ஒப்பீட்டுப் பள்ளிகளோடு திட்டமிட்டு, சிறுமிகளுக்கும் சிறுவர்களுக்கும், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் என்ன நிகழ்கிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பாதுகாப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பயிலரங்குகளில் தொடங்கிய இடங்களில்தான் திட்டம் வெறும் பெயராகிப் போகிறது. தனியார் பள்ளி தனக்கு வேண்டிய பிள்ளையைத் தேர்ந்துகொள்ளலாம். பொதுப்பள்ளிக்கு அந்த வசதி இல்லை, இருக்கவும் கூடாது. வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் அதுவே வாசல். ஆகவே பொதுப்பள்ளியை ஆதரிப்பதும் காயம்பட்ட பிள்ளையை ஆதரிப்பதும் பிரிக்க முடியாத ஒரே பணி. ஒரு பள்ளி அதைச் செய்கிறதா என்று அறிய, ஆண்டுதோறும் நான்கு விவரங்களை மக்கள் கேட்டுப் பெற வேண்டும்: எத்தனை பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்கள் யார், ஆலோசகர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சியும் துணையும் கிடைத்தன. இந்தக் கேள்விகளைப் பெற்றோர் கூட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சட்டமன்றத்திலும் விடாமல் கேட்பதே நாம் தரக்கூடிய ஆதரவு.